ஒரே ராடில் வார்னிஷும் எபாக்சியும்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பாறைகளில் நின்று தூண்டில் எறிகிறவர்களின் ராடுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். முறிந்த ராடு அநேகமாக இருக்காது. போவது கைடுதான். நரம்பு ஓடுகிற அந்த வளையத்தின் காலடியில், நூல் சுற்றிய இடத்தில், முதலில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கீறல் விழும். அப்புறம் அது பழுப்பாகும். ஒரு நாள் நல்ல பாரை மீன் ஒன்று இழுக்கும்போது வளையம் ஆடத் தொடங்கும்.

சித்தப்பாவின் 11 அடி ராடு அந்த நிலையில்தான் என் கைக்கு வந்தது. கண்ணாடி இழையும் கார்பனும் கலந்த பிளாங்க், அதாவது ராடின் வெறும் கம்பு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆறு கைடுகளையும் நுனி வளையத்தையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்றுவதோடு மாற்றுவதாக, ராடு கட்டுகிறவர்கள் சந்திக்கும் இடமெல்லாம் வரும் அந்தச் சண்டையையும் இதிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கைடைக் கட்டுகிற நூலுக்கு மேல் பூச வார்னிஷ் நல்லதா, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகுகிற பிசினான எபாக்சி நல்லதா? கைப்பிடிப் பக்கத்திலிருந்து எண்ணி 1, 3, 5 கைடுகளுக்கு எபாக்சி, 2, 4, 6 கைடுகளுக்கு வார்னிஷ் என்று பிரித்துக்கொண்டேன். அடிப்பாகம் அதிகம் வளையாது, நுனிப்பக்கம் நன்றாக வளையும். ஒன்று விட்டு ஒன்று பூசினால் இரண்டு பூச்சுமே இரண்டு விதமான இடத்தையும் பார்த்துவிடும்.

பழசைக் கழற்றுவதிலேயே பாதிப் பாடம் கிடைத்தது. கம்பெனியில் பூசி வந்தது கெட்டியான எபாக்சி. முடி காய வைக்கும் டிரையரால் சூடு காட்டினால் எபாக்சி இளகிவிடும். கைடின் காலுக்கு நேர் மேலே, இரும்பின் மீது பிளேடு ஓடும்படி கீறி, உரித்து எடுக்க வேண்டும். பிளாங்கின் மேல் பிளேடு படவே கூடாது. இழையில் ஒரு கீறல் விழுந்தால் ராடு ஒரு நாள் அந்த இடத்தில்தான் ஒடியும். நுனி வளையம் சூட்டுக்கு உருகும் பசையில் நிற்பது என்பதால் அது சுலபமாகவே வந்துவிட்டது. உரித்த இடத்தில் நூலுக்கு அடியில் துருக்கறையும், மாவு மாதிரி உப்பும் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது மேல்பூச்சு முக்கால்வாசி இடத்தில் கண்ணாடி போலத்தான் இருந்தது. இரண்டு முனைகளில் மட்டும் விரிசல். கடல் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது, போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை.

கைடைப் பிடித்து நிறுத்துவது நூல். பூச்சு அந்த நூலை அசையாமல் பூட்டி, தண்ணீர் புகாமல் மூடுகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் வார்னிஷ் எபாக்சி தகராறில் பாதி அடங்கிவிடும். நூல் தளர்வாகச் சுற்றியிருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

புதுக் கைடுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரண்டு கால் வைத்தவை. கடையிலிருந்து வரும் கைடின் கால் நுனி தடித்துத்தான் இருக்கும். அதை அரத்தால் ராவிச் சரிவாக்கினால்தான் நூல் பிளாங்கிலிருந்து காலின் மேல் இடைவெளி விடாமல் ஏறும். அடிப்பக்கத்தில் பிசிறு இருந்தால் அதையும் தேய்த்துவிட வேண்டும். பிளாங்கை முதலில் நல்ல தண்ணீரால், பிறகு ஸ்பிரிட்டால் துடைத்தேன். கரையோர வீட்டில் சுவரில் சாத்தி வைத்த ராடின் மேலும் உப்பு படியும், நாக்கில் வைத்தால் தெரியும். நூல் நைலான், கடல் ராடுக்கு என்று விற்கிற 'டி' கனம். மெல்லிய 'ஏ' கனம் ஆற்று ராடுகளுக்குப் போதும். நூலை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே விட்டு, மேலே ஒரு பாரம் வைத்தால் சீரான இழுவிசை கிடைக்கும். நான் வைத்தது பழைய டெலிபோன் டைரக்டரி. அது இன்றைக்கும் எங்கள் வீட்டில் உபயோகப்படுகிற ஒரே வேலை இதுதான். சுற்றி முடித்ததும் ஸ்பூன் காம்பால் அழுத்தித் தேய்த்து இடைவெளியை மூடி, எழும்பி நிற்கும் மயிரிழைகளைச் சுடரில் ஒரு தரம் காட்டி எரித்துவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண நைலான் நூல் எந்தப் பூச்சை உறிஞ்சினாலும் ஊடுருவித் தெரியும், அடர்ந்தும் போகும். சிவப்பு நூல் அரக்கு நிறத்துக்கு வரும், வெள்ளை நூல் கிட்டத்தட்டக் காணாமலே போகும். இதைத் தடுக்க நிறம் காக்கும் திரவம் ஒன்றை முதலில் பூசுவார்கள். அது நூலை அடைத்துவிடுவதால் மேலே பூசுவது உள்ளே இறங்காது. கடல் ராடில் எனக்கு அது வேண்டாம். சித்தப்பா கேட்டது நீலம். கிடைத்தது கிட்டத்தட்டக் கறுப்பு.

எபாக்சி என்றதும் இங்கே பலரும் நினைப்பது படகுப் பட்டறையில் ஃபைபர் வள்ளத்துக்கு ஊற்றுகிற ரெசினை. அதை எபாக்சி என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். அது பாலியெஸ்டர் ரெசின். மூக்கில் ஏறும் ஸ்டைரீன் வாடையே அடையாளம். அதை இறுக வைக்கச் சேர்க்கிற ஹார்ட்னர் சொட்டுக் கணக்கில்தான், நூற்றுக்கு ஒன்று இரண்டு. கெட்டியானால் விறைத்து நிற்கும், வளைத்தால் தெறிக்கும். ராடு எபாக்சி இரண்டு குப்பிகளில், சரிபாதி கலக்கும்படி வரும், காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்வு இருக்கும்படி செய்தது. அரால்டைட்டைச் சூடாக்கிப் பூசுகிறவர்களும் உண்டு. அவசரத்துக்கு அது பிடிக்கும்தான். ஆனால் தடித்துத் தேன் நிறமாகி, கைடுக்குக் கைடு ஒரு கட்டி மாதிரி நிற்கும். மேசைக்கும் கைவினைக்கும் ஊற்றுகிற பளிங்கு ரெசினும் வளைகிற பொருளுக்கு ஆகாது.

சரிபாதி என்பது அளவில், எடையில் அல்ல. இரண்டு திரவங்களுக்கும் அடர்த்தி வேறு என்பதால் தராசில் வைத்துப் பாதி பாதி எடுத்தால் கலவை தப்பிப்போகும். இரண்டு சிரிஞ்சு எடுத்து, ஒன்று ரெசினுக்கு ஒன்று ஹார்ட்னருக்கு என்று எழுதி ஒட்டி, கடைசி வரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். மூன்று கைடுக்கு ஒவ்வொன்றிலும் 1 மில்லி எடுத்தாலே தாராளம், ஆனால் நான் 3 மில்லி எடுத்தேன். அளவு சிறிதாகச் சிறிதாக ஒரு சொட்டுப் பிசகும் பெரிதாகிவிடும். பிசகிய எபாக்சி ஒரு மாதம் கழித்தும் விரலில் ஒட்டும். சில சிரிஞ்சுகளின் உள்ளே வழுக்குவதற்காக சிலிகான் தடவியிருக்கும், அது கலந்தால் பூச்சு சில இடங்களில் விலகிக் குழி குழியாக நிற்கும். ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் தண்டு சிரிஞ்சு பாதுகாப்பு.

இரண்டு மூன்று நிமிடம், குமிழி அதிகம் எழாதபடி, கோப்பையின் ஓரத்தையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றிவிட வேண்டும். எபாக்சி இறுகும்போது தானே சூடாகும், கோப்பையிலேயே குவிந்து கிடந்தால் அந்தச் சூடு அதையே இன்னும் வேகமாக இறுக்கும். டப்பாவில் போட்டிருக்கிற நேரமெல்லாம் குளிர்நாட்டு அறைக்கு உரியது. பத்து டிகிரி கூடினால் நமக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர்ப் பங்குனி மத்தியானத்தில் மூன்றாவது கைடுக்குப் போவதற்குள் பிரஷ் இழுக்கத் தொடங்கிவிடும். தாளில் பரப்பியதில் குமிழிகளும் தாமாக மேலே வந்து உடைந்தன. பூசிய பிறகு மிச்சம் நின்றவற்றுக்கு ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஒரு நொடி அடியில் காட்டினால் போதும், நிறுத்திச் சுடக் கூடாது.

அடுத்தது சுழற்சி. பூசிய ராடு சில மணி நேரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரு பக்கம் வடிந்து தொப்பை விழும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றுகிற மோட்டார் இதற்கு ரொம்பப் பொருத்தம். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, மோட்டாரில் 220 வோல்ட் என்று போட்டிருந்தால் நேராக வீட்டு கரண்டிலேயே ஓடும். ஒவ்வொரு தடவை போடும்போதும் எந்தப் பக்கம் சுற்றும் என்பது அதன் இஷ்டம், நமக்கு அதனால் ஒன்றுமில்லை. கரண்ட் போவதுதான் தொல்லை. அன்று நடுவில் போனது. வரும் வரை நானும் சித்தப்பா மகளும் மாறி மாறிக் கையால் சுற்றினோம். தொடக்கத்தில் ஒரு முறை வேண்டுமென்றே சுற்றலை நிறுத்தி, அடியில் திரண்டு வருவதைக் காய்ந்த பிரஷ்ஷால் எடுத்துவிடுவது நல்ல பழக்கம். தேவைக்கு மேல் இருப்பதெல்லாம் பாரம்தான்.

ஈரக் காற்று எபாக்சிக்கு ஒத்துக்கொள்ளாது. ஹார்ட்னரில் இருக்கும் அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு மெல்லிய ஏடு படரும். தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். துடைக்காமல் அடுத்த கோட் போட்டால் அது ஒட்டாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் இந்த வேலையை எடுக்காமல், மாசி பங்குனியில் வெயில் ஏறிய பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்வதுதான் வசதி.

வார்னிஷ் வேறு குணம். நான் எடுத்தது எண்ணெய் சேர்ந்த, மரச்சாமானுக்கும் படகுக்கும் வெளிப்புறத்தில் பூசுகிற வகை. கப்பலின் பாய்மரக் கம்புகளுக்காக உருவான பூச்சின் வழி வந்தது அது. எண்ணெய் கூடுதலாக இருப்பதால் கம்போடு சேர்ந்து வளையும், வெயிலைத் தாங்கும் மருந்தும் கலந்திருக்கும். வீட்டுக்குள் மேசைக்கு அடிக்கிற விறைப்பான வார்னிஷ் இதற்குப் பதிலாகாது. இது காய்வது காற்றின் ஆக்சிஜனை எடுத்து. முதல் கோட்டில் டர்பன்டைன் பாதிக்குப் பாதி கலந்து தண்ணீராக விட்டால் நூலின் அடி வரை இறங்கும். பிளாங்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, நூல் இனி குடிக்காது என்கிற வரை விட வேண்டும். அடுத்தவை சும்மா கொஞ்சம் இளக்கினால் போதும். ஒரு கோட்டுக்கு ஒரு நாள். ஈரமான நாளென்றால் ஒன்றரை நாளும் ஆகும். ஆறேழு கோட் போட்டால்தான் நூலின் மேடு பள்ளம் மறையும். பொறுமை இல்லாமல் ஒரே கோட்டைத் தடிப்பாகப் போட்டால் மேலே ஆடை கட்டிச் சுருங்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். மூன்றாவது கோட்டுக்குப் பிறகு 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து மிக லேசாகத் தேய்க்கலாம். அதற்கு முன் தேய்த்தால் நூலே அறும்.

மோட்டார் வேண்டாம், கரண்ட் போனால் கவலையில்லை, அளவு பார்க்க வேண்டாம், மிச்சம் டப்பாவுக்கே திரும்பும். வார்னிஷின் சுகம் இதெல்லாம். எதிரி தூசியும் பூச்சியும். விளக்கு போட்டு வைத்த ராத்திரி ஒன்றில் ஈசல் ஒன்று நான்காவது கைடில் நிரந்தரக் குடியேற வந்தது.

"என்ன மக்கா, ஒண்ணு மினுங்குது, ஒண்ணு மங்கிக் கெடக்குது?" என்றார் சித்தப்பா, ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு.

"ஒரு மழ போவட்டும் சித்தப்பா, பாப்போம்."

"மினுக்கம் எனக்கா, மீனுக்கா?" என்று கேட்டுவிட்டு எடுத்துப் போனார்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கரையில் நிற்கிறவர்களின் ராடுகளுக்கு அப்போதுதான் சரியான சோதனை. பாறையில் உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும், வெயில் அடித்தால் அதே இடத்தில் காயும். சித்தப்பா ராடை நல்ல தண்ணீரில் கழுவுகிற பழக்கம் உள்ளவர் அல்ல. சோதனைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

மழை ஓய்ந்து ராடு திரும்பி வந்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். எபாக்சி பூசிய 1, 3 கைடுகளில் விரிசல் ஒன்றுமே இல்லை. லேசான மஞ்சளும் மேல்கீறலும், அவ்வளவுதான். ஐந்தாவதில் கைடின் கால் முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும், மோதிரம் போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. கைடின் கால் விறைப்பான இரும்பு, அது வளையாது. அது முடிந்த இடத்திலிருந்து பிளாங்க் வளையும். அதனால் மொத்த வளைவும் அந்த ஓரத்தில் வந்து குவிகிறது. அங்கே பூச்சு எவ்வளவு தடிப்போ, அதன் மேற்பரப்பு அவ்வளவு அதிகம் இழுபடும். அதே மாதிரி வளைகிற நான்காவதிலும் ஆறாவதிலும் வார்னிஷ் மங்கிப் போயிருந்தது, ஆனால் ஓரங்களில் கீறல் இல்லை. படலம் மெல்லிசு, இழுபடுவதும் கொஞ்சம்தான்.

வார்னிஷ் தோற்ற இடம் இரண்டாவது கைடு. அது அடிப்பக்கம். ராடை மணலில் சாய்த்தும் கிடத்தியும் வைக்கும்போது உரசுகிற இடம் அதுதான். முட்டத்தை அடுத்த மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட், சிர்கான் இவற்றோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யவே உபயோகிக்கிற கல். நம் கடற்கரையில் ராடைக் கிடத்துவது கிட்டத்தட்டத் தேய்ப்பதற்குச் சமம். இரண்டாவது கைடில் வார்னிஷ் ஒரு பக்கம் நூல் வரை போயிருந்தது. பக்கத்தில் இருந்த எபாக்சியில் மேல்கீறல் மட்டும்.

ஆகவே என் கணக்கு இப்படி நிற்கிறது. வளையாத, அடிபடுகிற அடிப்பாகத்துக்கு எபாக்சி. வளைகிற மேல்பாகத்துக்கு வார்னிஷ். ஐந்தாவதை உரித்து வார்னிஷுக்கும் இரண்டாவதை எபாக்சிக்கும் மாற்றிக் கட்டிவிட்டேன். ராடு முழுக்க எபாக்சிதான் வேண்டும் என்றால் நுனிப்பக்கம் ஒரே ஒரு மெல்லிய கோட்டோடு நிறுத்தி, கால் முடிகிற ஓரங்களில் திரளாமல் வழித்துவிடுங்கள். கடைகளில் பார்த்து ஆசைப்படுகிற அந்த உருண்டைப் பளபளப்புதான் விரிசலுக்கு முதல் காரணம்.

பழுது பார்ப்பதிலும் வார்னிஷுக்கே என் ஓட்டு. மங்கினால் லேசாகத் தேய்த்து இன்னொரு கோட் போடலாம், கைடை மாற்ற வேண்டுமென்றால் நகத்தாலேயே நூலைப் பிரித்துவிடலாம். எபாக்சியில் விரிசல் கண்டால் மேலே பூசி மூடுவது உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதாகத்தான் முடியும், உரித்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு நல்ல கைடும் சில வருஷத்தில் மாற்ற வேண்டிய கடலில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசலாமா என்று கேட்பார்கள். எபாக்சியின் மேல் வார்னிஷ் பூசலாம். மரப்படகு கட்டுகிறவர்கள் வெயிலில் எபாக்சி கெடாமல் இருக்க அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எபாக்சி முழுதாக இறுகிய பிறகு, ஒரு வாரமாவது விட்டு, அந்தப் பிசுக்கைத் தண்ணீரால் கழுவி, லேசாகத் தேய்த்துவிட்டுப் பூச வேண்டும். மிச்சமிருக்கிற அமீன் வார்னிஷைக் காயவிடாது. எண்ணெய் வார்னிஷின் மேல் எபாக்சி பூசுவது வேண்டாம், அடியில் இருப்பது உரிந்தால் மேலே இருப்பதும் சேர்ந்து வரும். ஒரே குப்பியில் வரும், காற்றின் ஈரத்தை எடுத்து இறுகுகிற யூரிதேன் பூச்சும் இருக்கிறது. நம் காற்றுக்கு ஏற்றது மாதிரி தோன்றும், ஆனால் குப்பியைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் அதே ஈரம் உள்ளே போய் மிச்சத்தையும் இறுக்கும். அதன் வாடையும் மூடிய அறையில் நல்லதல்ல.

சித்தப்பா வார்னிஷ் கட்சிக்கு வந்ததற்குக் காரணம் என் பூதக்கண்ணாடி இல்லை. "முன்ன வள்ளத்துக்கு அண்டி எண்ணெய் அடிப்போம், வருஷா வருஷம் அடிப்போம். அதுவும் இப்படித்தான்" என்றார். அண்டியாபீஸில் முந்திரி ஓட்டிலிருந்து இறங்குகிற அந்தக் கறுத்த எண்ணெய் கையில் பட்டால் தோல் பொத்துப் போகும், மரத்தில் பூசினால் பூச்சி அண்டாது. வேடிக்கை என்னவென்றால், அதே ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கிற கார்டனாலை வைத்துத்தான் ஈரத்திலும் இறுகக்கூடிய ஒரு வகை எபாக்சி ஹார்ட்னரைச் செய்கிறார்கள், கப்பல் பெயிண்டுகளில் அது சேர்கிறது. ராடு பூச்சில் அந்த வகை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தால் ஆடி மாதத்திலேயே பூசிப் பார்ப்பேன்.

அடுத்து கையில் இருப்பது மணக்குடிக் காயலில் கொடுவா பிடிக்க ஒரு 7 அடி கார்பன் ராடு, ஒற்றைக் கால் கைடு, 'ஏ' நூல். நுனியில் கூடும் ஒவ்வொரு சொட்டுப் பாரமும் எறியும்போது கையில் தெரியும் என்பதால் அதற்கு அடி முதல் நுனி வரை வார்னிஷ் மட்டும்தான். கைப்பிடியை ஒட்டிய முதல் கைடுக்கு மட்டும் இரண்டு கோட் கூட.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தை அலட்சியம் பண்ணக் கூடாது. எபாக்சி தொடும்போது கையுறை கட்டாயம். முதலில் ஒன்றும் செய்யாது, பல முறை பட்ட பிறகு ஒரு நாள் அரிப்பாக வந்து, அப்புறம் வாழ்நாள் முழுக்க விடாமல் போகலாம். வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவிந்து கிடந்தால் தானே தீப்பிடிக்கும். கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டுக் காய்ந்த பிறகுதான் குப்பைக்கு.